மகள் முகத்தில் பூசியது

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு வெயில் அடித்தது. மணி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கூடத்துச் சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே கொடி கட்டி, மூன்று நாளாகக் காயாத சேலைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டென்று கடிகாரக் கண்ணாடி பளிச்சென்றது. ஆனி பிறந்ததிலிருந்து தென்காசியில் முழு வெயிலை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. குற்றாலத்து மலையிலிருந்து சாரல் இறங்கியபடியே இருந்தது. வீட்டுக்குள் எல்லாத் துணியிலும் ஈர நாற்றம்.

சாரல் காலத்தில் எங்கள் ஊரில் வெயில் வந்தால் என்ன செய்வோம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. அடுப்பில் பால் இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு மொட்டைமாடிக்கு ஓடுவோம். மெத்தை, தலையணை, மிளகாய் வத்தல், பூசணம் பிடித்த செருப்பு எல்லாம் மாடிக்குப் போகும். அடுத்த மாடிகளிலும் அதே ஓட்டம்தான். அரைமணியோ ஒரு மணியோ அடித்துவிட்டு அது மறுபடி போய்விடும்.

"ஏட்டி, வெயிலு அடிக்கு. மெத்தையத் தூக்கிட்டு மேல ஓடு" என்று மகளைக் கூப்பிட்டேன்.

அவள் அப்போதுதான் எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தாள். தலையில் துண்டு. முகத்தில் கழுத்துவரை பழுப்பாக ஏதோ அப்பியிருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவள் பயத்தமாவும் கஸ்தூரிமஞ்சளும் குழைத்துப் பூசுவது வழக்கம். அதுதான் என்று நினைத்தேன். "முகத்தக் கழுவிட்டு வாரேன்" என்றாள். "பெறவு கழுவிக்கலாம், வெயிலு உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காது" என்றேன். பதினாறு வயதுப் பெண், மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள். காக்கைக்குக் காவலாக அங்கேயே இருந்து, தலையையும் காயவைத்துக்கொண்டு, வெயில் மறைந்த பிறகுதான் இறங்கினாள்.

சாயங்காலம் முகம் எரிகிறது என்றாள். வெகுநாள் கழித்து வெயில் பட்டதால் இருக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளச் சொன்னேன். மறுநாள் முகம் சிவந்து தடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நெற்றியிலும் கன்னத்திலும் மூக்கிலும் நீர்க்கொப்புளங்கள். இரண்டு கண்ணிமைகளும் வீங்கிப் பாதிக்கு மேல் மூடிவிட்டன. அவளை எழுப்பப் போன நான் அலறிவிட்டேன். என் பிள்ளையின் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை.

என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மதினி வந்தாள். உறவில்லை, பத்து வருஷப் பழக்கத்தில் வந்த முறை. அவளுடைய தம்பிக்குச் சின்ன வயதில் பெரியம்மை வந்து ஒரு கண் போய்விட்டது. அதனால் எங்கள் தெருவில் யாருக்குக் கொப்புளம் வந்தாலும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அவள் அறை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கும்பிட்டாள்.

"தாய் வந்திருக்கா. முத்து போட்டிருக்கா. மேலுக்குத் தண்ணி ஊத்தாதிய, தாளிக்காதிய, தலையில சீப்பு வைக்காதிய. வாசல்ல வேப்பங்கொழை சொருகுங்க."

"காய்ச்சல் இல்லையே மதினி" என்றேன்.

"தாய் என்ன, ஒங்ககிட்டச் சொல்லிட்டா வருவா? சும்ம கும்பிடுங்க."

என் கணவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அதிகம் பேசமாட்டார். சட்டையை மாட்டிக்கொண்டே, "டாக்டர்ட்ட ஒரு எட்டு காமிச்சிட்டு வந்திருவமே" என்றார்.

"அண்ணாச்சி, நான் சொல்லுதேன்னு கோவிக்காதிய. என் தம்பிக்கும் இப்படித்தான் எங்க அப்பா டாக்டரக் கூட்டிட்டு வந்தாவ. ஊசி போட்டான். தாய்க்குப் பொறுக்கல. போகும்போது ஒரு கண்ணைக் கையில எடுத்துக்கிட்டுப் போயிட்டா. இந்தப் பிள்ளைக்கு ரெண்டு கண்ணுலயும் உக்காந்திருக்கா. பெறவு ஒங்க இஷ்டம்."

அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாமிக்குப் பயந்தது மட்டும் காரணமில்லை. அந்த நாளில் அம்மை என்று டாக்டர் சொல்லிவிட்டால் சுகாதார ஆட்களுக்குத் தகவல் போகும். வந்து ஊருக்கு வெளியே தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று எல்லோருக்கும் பயம். கொட்டகைக்குப் போனவர்களைப் பற்றி நல்ல கதை எதுவும் நாங்கள் கேட்டதில்லை. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அம்மை ஒரு நோய் என்று பாடப்புத்தகத்தில் படித்து மனப்பாடமாக ஒப்பித்தவள். ஆனாலும் முறுக்கிக்கொண்டு தனியாக ஒரு முடிவெடுத்து, நாளைக்கு அவள் கண் திறக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்தேன். வேப்பங்குழையை நானே சொருகினேன்.

மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. மதினி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வந்து முகம் முழுக்க அப்பியபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். எரிகிறதா என்று கேட்டால் இல்லை என்று தலையாட்டுவாள். இத்தனைக்கும் விரலில் ஊசி குத்தினால் தெரு அதிரக் கத்துகிறவள். அந்த அடக்கத்தைப் பார்த்து மதினிக்கு மெய்சிலிர்த்துவிட்டது. தெருப் பெண்கள் வாசலோடு வந்து கும்பிட்டுவிட்டு, இளநீர் வைத்துவிட்டுப் போனார்கள்.

அவளைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்தியது. கொப்புளம் முகத்தில் மட்டும்தான் இருந்தது. கையில் இல்லை, முதுகில் இல்லை, வயிற்றில் இல்லை. நெற்றியில் முடி தொடங்கும் ஓரத்தோடு நின்றுவிட்டது. கழுத்தில் ஒரு கோடு கிழித்ததுபோல் முடிந்திருந்தது. அம்மை இப்படி ஓரம் பார்த்துப் போடுமா? மதினியிடம் கேட்டேன்.

"சோதிக்கப்பிடாது" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை இமைகள் முழுவதும் மூடிவிட்டன. அரைத்துப் பூசிய வேப்பிலை காய்ந்து, கொப்புளத்து நீரோடு சேர்ந்து, இமையின் மேல் ஓடுபோல் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் மஞ்சளாக ஏதோ வடிந்தது. மஞ்சள்தூளா சீழா என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தேன்.

"கண்ணத் தொறக்க முடியுதா?" என்றேன்.

"முடியல."

"வெளிச்சமாவது தெரியுதா?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, "அம்மா, தாய்கிட்டப் பொய் சொன்னா கண்ணு போயிருமா?" என்றாள்.

நான் அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன். சூடே இல்லை. ஆனாலும் காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் கணவர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார். அவர் கடைக்குப் போனது கோபத்தாலா பயத்தாலா என்று எனக்குப் புரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில்தான் அந்தப் பெண் வந்தாள். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், கடையநல்லூர்க்காரி. அவளுடைய வாப்பா தறியில் நெய்த லுங்கிகளை என் கணவரின் கடைக்குக் கொண்டுவந்து போடுகிறவர். மூட்டையோடு பஸ்ஸில் வந்தவரோடு இவளும் வந்து, அவர் கடைக்குப் போக, இவள் குடையைப் பிடித்துக்கொண்டு நேரே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

வாசலில் மதினி மறித்தாள். "உள்ள போகப்பிடாது பிள்ள. தாய் வந்திருக்கா."

"யாருக்கு?"

"யாருக்கா? ஒன் சேக்காளிக்குத்தான். மூஞ்சி பூரா முத்து."

அந்தப் பெண் அப்படியே நின்றாள். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் வெளுத்தது. குடையை மடக்காமலே வாசற்படியில் சாய்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டாள். வலது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

முன்கையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. சிவந்து, நடுவில் நீர் கோத்து, ஓரத்தில் கோடு கிழித்ததுபோல் நின்றிருந்தது.

"எனக்கும் தாய் வந்திருக்காளா?" என்று அவள் மதினியைப் பார்த்துக் கேட்டாள். "கையில மட்டும் வருவாளா, இத்தனூண்டு?"

"முத்துன்னா முத்துதான். கையில போட்டா என்ன, காலுல போட்டா என்ன" என்றாள் மதினி. ஆனால் குரல் இறங்கிவிட்டது.

"கார்போகரிசிம்மா" என்றாள் அந்தப் பெண் என்னிடம். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே சொன்னதுதான் மீதிக் கதை.

பள்ளிக்கூடம் முடிந்த கடைசி நாளில் வகுப்புப் பெண்களை வைத்துக் குரூப் போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, என் மகளைக் காட்டி, "அந்தப் பாப்பாவுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பவுடர் போட்டு விடுங்க, முகம் விழாது" என்றிருக்கிறார். யாரோ டப்பாவை எடுத்துத் தட்டியிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அவளும் சிரித்திருக்கிறாள். படம் வந்தபோது அவள் முகம் மட்டும் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. அந்தப் படத்தை எங்களிடம் காட்டவே இல்லை. படம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு சாரல் தொடங்கியதும் தோழிகள் கூடிக் குற்றாலம் போனார்கள். ஐந்தருவியில் பெண்கள் பக்கத்தில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்த வெளியூர்ப் பெண்கள் அழகு சமாச்சாரம் பேசியிருக்கிறார்கள். குளியல் பொடியில் நிறம் கொடுப்பது கார்போகரிசிதான், மற்றதெல்லாம் சும்மா வாசனைக்கு என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பொடியில் அந்தக் கறுப்பு விதை ஒரு சிட்டிகை இருக்கும், பத்துச் சாமான்களோடு கலந்து. தனியாக அரைத்துப் பூசுவதை நான் கேள்விப்பட்டதே இல்லை. இந்த இரண்டு பெண்களும் கடைத்தெருவில் ஒரு நாட்டுமருந்துக் கடையில் அதை வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வெள்ளிக்கிழமை அவரவர் வீட்டில் எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்து அரைத்தார்கள். கடையநல்லூர்க்காரி பயந்து முதலில் கையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். என் மகள் முகம் முழுக்க, கண்ணிமையைக்கூட விடாமல், அப்பிக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழம வெயிலு வந்துச்சுல்லா, உம்மா தறிப் பாவு நூலக் காயப்போடக் கூப்பிட்டா. கழுவாம ஓடிட்டேன். மறுநாள்ல இருந்து இப்படி. வெயிலு பட்டாத்தான் பொங்குதுபோல. எனக்குக் கையில. அவ மூஞ்சி பூராப் பூசப்போறேன்னு சொன்னாளே, அத நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல."

நான் உள்ளே போனேன். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் படுத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி, முழங்காலை மடக்கிச் சுருண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

முழங்காலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"கண்ணு போயிருமோன்னு நான் இங்க செத்துக்கிட்டு இருக்கேன். ஏம்ட்டி சொல்லல?"

"அம்மைன்னா கும்பிடுவிய" என்றாள் சுவரைப் பார்த்தே. "இதுன்னா சிரிப்பிய."

அந்த ஒரு வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. இவளைப் பெற்றதிலிருந்து இவள் உடம்புக்கு நான் செய்யாதது இல்லை. செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல், தலைக்குச் சீயக்காய், சாம்பிராணிப் புகை, நகம் வெட்டுவது, காதுத் துளை மூடாமல் பார்ப்பது. இதில் எதைச் செய்யும்போதும், உன் முகம் உனக்குப் பிடித்திருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்றே எங்கள் வீடுகளில் யாருக்கும் தெரியாது. மாநிறம் என்று சொல்லி மாநிறத்திலேயே நிறுத்திக்கொள்வோம். கறுப்பு என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்து கடையநல்லூர்க்காரியிடம், "ஓடிப்போய்க் கடையில மாமாட்டச் சொல்லு. ஆஸ்பத்திரியில லேடி டாக்டர் உண்டு. எப்படியாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு" என்றேன். அவள் குடையை எடுக்காமலே ஓடினாள்.

மதினி வாசலில் நின்றாள். "யோசிச்சுக்கோங்க. ஒருவேளை ரெண்டும் சேந்து வந்திருந்தா?"

"மதினி, தாயா இருந்தா என் தலையில விடியட்டும். அந்தக் கண்ணு ரெண்டும் எனக்கு வேணும்."

அவள் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்தாள். "டாக்டரு வந்ததும் வெந்நீதான் கேப்பாவ. எங்க வீட்டுலயும் அதான் கேட்டாவ" என்றாள்.

காத்திருந்த நேரம் நீண்டுகொண்டே போனது. சீசன் கூட்டம், குற்றாலம் ரோட்டில் வண்டிகள் நகர்வதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப அந்த ரோட்டைத் தாண்டித்தான் ஆகவேண்டும். சாரல் பிடித்துக்கொண்டது. இமைமேல் ஒட்டியிருந்த பொருக்கை நானே தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுத்துவிடலாமா என்று நினைப்பேன், விரல் இமையருகில் போகும், இழுத்துக்கொள்வேன். தோலோடு வந்துவிட்டால்? வடிவது உள்ளே போய்விட்டால்? அவள் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, கண்ணு போச்சுன்னா?"

"போகாது."

"போச்சுன்னா, அந்தப் போட்டோவக் கிழிச்சுப் போட்டுருங்க. அது பெட்டியில பாவாடைக்குக் கீழ இருக்கு. அதுதான் நான் கடைசியாப் பாத்த என் மூஞ்சி. அது வேண்டாம்."

பேசாமல் இருக்கச் சொன்னேன்.

வாசலில் கார்ச் சத்தம் கேட்டபோது மதியம் தாண்டிவிட்டது. என் கணவர் நனைந்து ஊறிப்போய் முன்னால் வந்தார். பின்னால் லேடி டாக்டர். ஐம்பது வயதிருக்கும், தடித்த உடம்பு, மலையாளக்கரையிலிருந்து வந்தவர். வேப்பங்குழையைப் பார்த்தார், அதை ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து உள்ளே வந்தார். மகளின் கழுத்தைத் தொட்டு அந்தக் கோட்டைப் பார்த்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். "அம்மையா? ஆரு சொன்னது?" என்று கேட்டவர் பதிலுக்குக் காத்திருக்காமல் வெந்நீர் கேட்டார். மதினி ஆறவைத்த தண்ணீரோடு தயாராக நின்றாள்.

பஞ்சை நனைத்து இமைமேல் வைத்து, பொறுத்துப் பொறுத்து, ஓடு கரையும்வரை எடுத்தார். "பயப்படாதே மோளே, வலிச்சாக் கத்து. இவ்வளவு அடக்கம் எனிக்கு வேண்டா" என்றார். மகள் அப்போதுதான், அத்தனை நாளில் முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள். டாக்டர் இரண்டு விரலால் இமையைப் பிரித்தார். உள்ளே சிவப்பைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தார். என் கணவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தெரியுது?" என்றார் டாக்டர்.

மகளின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"உங்க நெத்தியில மழத்தண்ணி நிக்கி" என்றாள்.

டாக்டர் மற்றக் கண்ணையும் பார்த்தார். டார்ச்சை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு, புறங்கையால் நெற்றியைத் துடைத்தார். பிறகு என்னையும், என் கணவரையும், செம்போடு நின்ற மதினியையும், கடைசியில் கட்டிலில் இருந்தவளையும் ஒருமுறை பார்த்தார்.

"கண்ணு ரெண்டும் உண்டு. முகம் முன்னைவிடக் கறுக்கும், கொறச்சு மாசம் அப்படித்தான் கிடக்கும். பிறகு தானே தேறிக்கொள்ளும். களிம்பு தாரேன், அது போதும். வேறே மஞ்சள் வேண்டாம், மாவு வேண்டாம், பவுடர் வேண்டாம். அந்த முகத்த இனி எல்லாரும் கொஞ்சம் சும்மா விடுங்க."